அவள் கட்டை ஐந்தரை

“…ஆறு மாசம் அஞ்சரையில சொல்லிக் குடுத்துட்டு, மேடையில போய் நாலுல புடிச்சா அந்தப் புள்ள எங்கேர்ந்து பாடும்? நீ புடிச்சது அவ கட்டை இல்ல வாத்தியாரே. என் கட்டை!”

அக்கா இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய ஒப்பனைக் கொட்டகை வாசலில், என் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலப் பிடித்துக்கொண்டு, காதோரமாகச் சொன்னார். முன்னால் மேடையில் பபூன் அண்ணன் சமாளித்துக்கொண்டிருந்தார். “பொண்ணு பாக்கப் போனா பொண்ணு ஒடனே வந்துடுமா? மிச்சர் சாப்புடணும், காப்பி குடிக்கணும், அப்பறந்தான வரும்? இங்க மிச்சரும் கெடையாது, காப்பியும் கெடையாது. கொஞ்சம் பொறுங்கய்யா!” ஜனம் சிரித்தது.

ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதிதாக நாடக மேடைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ராகமும் தாளமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் இரண்டு பேர் இசைக் கல்லூரியில் படித்தவர்கள். நான் பாடாலூரில், மூன்று கட்டை ஊமையாகிப்போன பழைய பெட்டியில், கேட்டுக் கேட்டுத் தடவிக் கற்றவன். அதனால் வாசிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வாசிக்கிற கை தப்பு செய்தால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிக் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சத்தை எனக்குக் கொடுத்தவர் அக்கா. பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். “பேரப் போட்டா கல்யாணப் பத்திரிக்க மாதிரி ஆயிடும். சும்மா அக்கான்னு போடு” என்றார்.

அக்கா எங்கள் பக்கத்து ஸ்திரீபார்ட். கதாநாயகி வேடம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் திருவிழா நாடகம் என்றால் முப்பது வருடம் அவர்தான். கூலிக்கு நாற்று நடப் போன வயல்களில் பாடிப் பாடி வளர்ந்த குரல். அந்த முப்பதில் இருபது வருடம் அவருக்கு ஆர்மோனியம் நான். அவர் பாடுவது நாலு கட்டை. ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு உயரம் உண்டு. அந்த உயரத்தைத்தான் நாம் கட்டை என்கிறோம். பாடுகிறவரின் கட்டையை ஆர்மோனியக்காரர் சுருதியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். அதன்மேல்தான் அவர் ஏறி நிற்க முடியும்.

மலர்விழி கட்டை ஐந்தரை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. விரலெல்லாம் கொட்டைத் தோலில் கசியும் பால் பட்டுக் கறுத்திருக்கும். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று அக்காதான் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்கு மாடியில் எங்கள் பழகும் அறை. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் மாறி வருவாள். வசனமும் நடையும் அக்கா சொல்லிக் கொடுப்பார். பாட்டு நான்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஊரு முன்னால ஒரு தடவ பாடட்டும் வாத்தியாரே. நல்லா வந்தா அவ வழி. வரலைன்னா வைகாசிக்கு அவ அக்காகாரிகூட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவட்டும். ரெண்டுங்கெட்டானா அலய விட மாட்டேன்.” அவரைக் குறை சொல்ல முடியாது. பெண் பிள்ளையை நாடகத்துக்கு அனுப்புகிற தகப்பன் என்னென்ன பேச்சு கேட்பான் என்று நமக்குத் தெரியும்.

அந்த ‘ஒரு தடவை’தான் அன்றைய சாயங்காலம். அவள் சொந்த ஊர்த் திருவிழா. ஃபிளெக்ஸில் அக்காவின் படம் ஆள் உயரத்துக்கு. மலர்விழியின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. அன்றைக்கு அக்கா நடிக்கவில்லை, புதுப் பெண்ணுக்கு ஒப்பனை போடத்தான் வருகிறார் என்று சொல்லியும் விழாக் கமிட்டிக்காரர்கள் அப்படித்தான் அடித்திருந்தார்கள். மைக் அனுமதி பத்து மணியோடு சரி என்பதால் ஏழு மணிக்கெல்லாம் நாடகம் தொடங்கிவிட்டது. பபூன் அண்ணன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அடுத்து ஸ்திரீபார்ட் வர வேண்டும்.

நம் நாடகத்தில் ஸ்திரீபார்ட் சும்மா வந்து நிற்பதில்லை. முகத்தைக் காட்டுமுன் குரலைக் காட்ட வேண்டும். திரைக்குள் இருந்தபடியே பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டுத்தான் வெளியே வருவது. அவள் நமக்குத் தெரியமாட்டாள், நாம் அவளுக்குத் தெரியமாட்டோம். நடுவில் இருப்பது சுருதி ஒன்றுதான். அந்த முதல் அடி பாடுகிறவரின் சொத்து. அதை வேறு யாரும் தொடக் கூடாது. எழுதி வைக்காத சட்டம் அது.

நான் சுருதியைப் பிடித்தேன். திரைக்குள் சத்தமில்லை.

மறுபடி பிடித்தேன். மைக்கில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. கிணற்றில் கயிறு எட்டாமல் வாளி காற்றில் ஆடுகிற மாதிரி ஒரு மூச்சு. அப்புறம் அதுவும் இல்லை. முன்வரிசையில் ஒருவன் சீட்டி அடித்தான். பின்னாலிருந்து “அக்கா எங்கடா?” என்று ஒரு குரல். புதுப் பெண், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தவன் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முதல் அடியை நானே எடுத்துப் பாடிவிட்டேன்.

அந்த நேரத்தில் அது பெரிய உதவி என்றுதான் எனக்குப் பட்டது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “வாத்தியாருக்குப் பொடவயக் கட்டி வுடுங்கடா!” என்று கத்தினான். கொல்லென்று சிரிப்பு. திரைக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. பபூன் அண்ணன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் குனிகிற சாக்கில், “போய்ப் பாருய்யா, நான் பாத்துக்கறேன்” என்றார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் நான் எழுந்து நிற்பது அந்த ஒரு வரிக்காகத்தான்.

பின்னால் போனேன். அக்கா காலரைப் பிடித்தார். நான் மேலே எழுதியதைச் சொன்னார்.

எப்படி நடந்தது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பழகும் அறையில் மலர்விழியின் செல்போனில் தம்பூரா ஒலிக்கும். ஐந்தரை என்று அவள் வைத்துவிடுவாள், நான் அதைக் கேட்டு வாசிப்பேன். சுருதி பிடித்தது செல்போன்தான், என் கை இல்லை. மேடையில் செல்போன் கிடையாது. அதே பாட்டு, அதே திரை, இருபது வருடம் அந்த இடத்தில் அக்காவுக்கு வாசித்த கை. கை பழகின வீட்டுக்குப் போய்விட்டது. அவள் பாட்டோ கீழே இறங்கித் தொடங்குவது. ஐந்தரையைவிடத் தாழ்ந்த அக்காவின் கட்டையில் அந்த இடம் அவள் தொண்டைக்கு எட்டவே எட்டாது. அவள் பயப்படவில்லை, தம்பிகளே. இல்லாத படியில் காலை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

கொட்டகைக்குள் மலர்விழி பெஞ்சில் உட்கார்ந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம்.

“மலரு, தப்பு எம்மேலதான். நான்தான் கட்டைய மாத்திப் புடிச்சிட்டேன்” என்றேன்.

“வாத்தியார் எப்படிங்க தப்பாப் புடிப்பீங்க?” என்றாள். “எனக்குத்தான் வரல. ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

முதல் நாள் மாடி ஏறி வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பெண். நான் பிடித்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். சுருதி மாறியிருக்கிறது என்று காது சொல்லியிருக்கும். காதை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள். திரையை விலக்கி, “வாத்தியாரே, அஞ்சரை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த வார்த்தை வராத அளவுக்கு அவளிடம் மரியாதையை வளர்த்து வைத்திருந்தது நான்தான். மரியாதை என்றால் எனக்கும் இனிக்கத்தானே செய்யும். பாடாலூரில் எனக்கு டீ போடும் அம்மா சொல்வார்: “சக்கர கூடுனா டீ ருசி தெரியாதுங்க.” அது டீக்கு மட்டும் சொன்னதாக அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்குள் கமிட்டித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். “அக்கா, நீங்களே வேஷத்தப் போட்டுருங்க. ஜனம் ஒங்களப் பாக்கத்தான் வந்துருக்கு. அந்தப் புள்ளைக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். கூட்டத்தின் கடைசியில் அவள் அப்பா பைக்மேல் உட்காராமல், வண்டிப் பக்கத்தில் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வரும்போது பார்த்தேன்.

அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. “சரிங்க தலைவரே, நான் போறேன். மொகம் போடப் பத்து நிமிஷமாவும். பவுடர் அப்பிக்கிட்டு ஓடியாற வயசா எனக்கு?” என்றார். தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அரிதாரத்தைக் கையில் எடுத்து, நிஜமாகவே கன்னத்தில் தடவ ஆரம்பித்தார்.

“அக்கா…” என்றேன்.

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் மொகம் போட்டு முடிக்கறதுக்குள்ள அவ வாயிலேர்ந்து மொத அடி வரணும். வந்துச்சுன்னா கழுவிட்டுப் போயிடுவேன். வரலைன்னா நான்தான் போவேன், வேற வழியில்ல. வந்த ஜனத்த ஏமாத்தக் கூடாது. நீ ஒடச்சது வாத்தியாரே. நீயே ஒட்டு.”

மலர்விழி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வளையல் கழற்றிய கை மட்டும் நின்றது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடி வந்தால் நம் தொழிலில் எல்லாரும் பாடுகிறவரிடம் போய் தைரியம் சொல்வார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், விபூதி பூசுவார்கள், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்பார்கள். ஒன்றுமில்லை என்றால் எதற்கு இத்தனை பேர் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பயம் இரண்டு மடங்காகும். நானும் வாயைத் திறந்து, “பயப்படாத” என்று சொல்லத்தான் இருந்தேன். அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நான் தனியாகச் சொன்னால் ஆறுதல் என்பாள். ஊர் கேட்கச் சொன்னால்? கீழே கிடந்த கைமைக்கை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனேன்.

பபூன் அண்ணன் அதற்குள் மாமியார் கதை, மாட்டு டாக்டர் கதை எல்லாம் தீர்த்துவிட்டு, விக்கல் வந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். மைக்கை வாங்கினேன். அத்தனை வருடத்தில் மைக்கில் பின்பாட்டு பாடியிருக்கிறேன், பேசியதில்லை.

“பெரியவங்களே, தாய்மாரே, பாட்டு நின்னு போனதுக்குக் காரணம் இந்த ஊருப் பொண்ணு இல்லீங்க. நான். அந்தப் புள்ள கட்டை வேற. நான் பழக்க தோஷத்துல வேற ஆளு கட்டையப் புடிச்சிட்டேன். அடுத்தவங்க செருப்ப மாட்டி வுட்டு நடன்னா யாரு நடப்பா?”

ஆர்மோனியக்காரன் சுருதி தப்பினேன் என்று மேடையில் ஒப்புக்கொள்வது, ஓட்டுநர் ஒருவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, “எனக்கு வழி தெரியல” என்று சொல்வது மாதிரி. இனி என்னை யார் கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். அப்போது நடுவிலிருந்து ஒருவர், என்னைப் புடவை கட்டச் சொன்ன அதே குரல் என்றுதான் நினைக்கிறேன், “சரி வுடு வாத்தியாரே, இப்பவாச்சும் சரியான செருப்பக் குடு!” என்றார். சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. நம் ஜனத்தைப் போல மன்னிக்கிற ஜனம் கிடையாது. தப்பை மூடினால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். விரலைக் கட்டையில் வைக்கவில்லை. மைக்கில் திரையைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏம்மா மலரு, ஒங்கட்டை என்ன? நீ சொல்லு. நீ சொல்றதத்தான் நான் புடிப்பேன்.”

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. முன்வரிசைப் பெண்கள் பக்கமிருந்து அவள் அம்மா, கறுத்த விரலால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு சாமி” என்றார். மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்டது.

திரைக்குள்ளிருந்து கொஞ்சம் கரகரப்போடு வந்தது: “அஞ்சரை.”

அவ்வளவுதான். பாட்டுகூட இல்லை. ஒரு ஆர்மோனியக்காரரிடம் அவள் சொன்ன முதல் கட்டளை அது. நான் ஐந்தரையைப் பிடித்தேன். பிடித்துவிட்டு, மறுபடியும் என் வாய் உதவிக்குப் போய்விடக் கூடாதே என்று தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இது சிரிப்புக்குச் சொல்லவில்லை, கடித்தேன். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பத்து மூச்சு. அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் அடிக்கடி சொல்வார், “ஏத்தறது யாரு வேணா ஏத்துவாங்க சார், எறங்கறவங்களுக்கு நிக்கறதுதான் வேல” என்று. நின்றேன். துருத்தியை ஒரே சீராக அமுக்கிக்கொண்டு, அவள் கால் வைக்க ஒரு படியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் அடி வந்தது.

கீழே இறங்கித் தொடங்கும் அந்த இடத்தில் குரல் லேசாக நடுங்கியது. ஆனால் கால் படியில் பட்டுவிட்டது. இரண்டாவது முறை அதே அடியைப் பாடியபோது நடுக்கம் இல்லை. மூன்றாவது முறை, நான் சொல்லிக்கொடுக்காத ஒரு சங்கதியைப் போட்டு மேலே போனாள். சீட்டி அடித்தவன் சீட்டியை மறந்தான். கடைசியில் வண்டிப் பக்கத்தில் நின்றவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். திரை விலகியது. கையில் பாதி வளையலோடு மலர்விழி வெளியே வந்தாள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். விரல் மூட்டு வீங்கி இனி வாசிக்க முடியாது. எனக்குக் கிடைத்த சால்வைகளை எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணிப் பார்க்கிறேன். என்னை மன்னித்த ஜனத்துக்கு, மாட்டு டாக்டர் கதையைச் சலிக்காமல் சொன்ன பபூன் அண்ணனுக்கு, தன் கட்டையைத் தானே சொன்ன பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. நீங்கள் ஒன்று செய்யுங்கள். எத்தனை தடவை வாசித்த பாடகராக இருந்தாலும், மேடை ஏறுமுன் கொட்டகைக்குப் போய், “உங்கள் கட்டை என்ன?” என்று கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள். பாடுகிறவர் வாயால் சொல்ல வையுங்கள். புதியவர் என்றால் இரண்டு தடவை சொல்ல வையுங்கள்.

அன்றைக்கு முதல் சரணம் முடிகிற நேரம், மேடையின் பக்கப் படியில் யாரோ ஏறி வருவது தெரிந்தது. அக்கா. ஒரு கன்னத்தில் அரிதாரம், இன்னொரு கன்னம் வெறுமையாக. கழுவக்கூட நிற்கவில்லை. கூட்டம் அவரைப் பார்த்ததும் ஆரவாரம் எழுந்தது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மலர்விழியையும் பார்க்கவில்லை. நேராக வாத்தியக்காரர்களின் ஜமுக்காளத்துக்கு வந்து, ஸ்திரீபார்ட் யாரும் உட்காராத கடைசி இடத்தில், தாளக்காரரிடம், “கொஞ்சம் தள்ளி ஒக்காருய்யா” என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாளக்காரர் கையிலிருந்த ஜால்ராவை வாங்கி, அந்தப் பெண்ணின் பாட்டுக்குத் தாளம் போடத் தொடங்கினார்.